கொம்பும் கணக்கும்

"உனக்கென்ன, இரண்டு கொம்பா முளைத்திருக்கிறது?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. கொம்பு என்றாலே நமக்கு அகம்பாவம். மாட்டுக்கு இருக்கலாம், மனிதனுக்கு ஆகாது. ஐரோப்பியர்கள் இதில் ஒரு படி மேலே போனார்கள். மானுக்கே கொம்பு அதிகம் என்று தீர்மானித்து, அந்தக் கொம்பினாலேயே அது அழிந்தது என்று ஒரு கதை கட்டி, வெகு காலம் அதைப் பாடப் புத்தகங்களிலும் சொல்லி வந்தார்கள். அந்தக் கதையைச் சிலர் அளவு நாடாவையும் லாகரிதம் அட்டவணையையும் கையில் வைத்துக்கொண்டு விசாரித்த சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன். எனக்கு விளங்கிய கணக்கு வாசகர்களுக்கு விளங்காமல் போகாது.

முதலில் மானைப் பார்த்துவிடுவோம். அதற்கு ஐரிஷ் எல்க் என்று பெயர். ஐரோப்பாவிலும் ஆசியாவின் வட பகுதியிலும் பரவியிருந்த பிராணி அது. அயர்லாந்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. எல்க் என்ற இனத்தையும் சேர்ந்ததல்ல. அயர்லாந்தின் சதுப்பு நிலங்களில் அதன் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்ததால் இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. தோள் வரை உயரம் சுமார் 2 மீட்டர். ஒரு கொம்பின் நுனியிலிருந்து மறு கொம்பின் நுனி வரை 12 அடி வரைக்கும் இருந்தது. கொம்பின் எடை மட்டும் சுமார் 40 கிலோ. அதாவது அரை மூட்டை அரிசிக்குக் குறையாத பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அது காடு மேடெல்லாம் திரிந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. நம் சென்னைக் கிண்டிப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் ஒரே புல்வெளியில் மேய்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் கொம்பு என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் வெளிமானின் முறுக்குக் கொம்பு ஆயுசு முழுவதும் அப்படியே இருப்பது. புள்ளிமானின் கிளைக் கொம்போ எலும்பு; உதிர்ந்து விழுந்து மறுபடியும் முளைப்பது. ஐரிஷ் எல்க் புள்ளிமானின் ஜாதி. அந்த 40 கிலோ எலும்பை அது ஒவ்வொரு வருஷமும் இழந்து, ஒவ்வொரு வருஷமும் புதிதாக வளர்த்தது.

அயர்லாந்துக் குடியானவர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. சதுப்பிலிருந்து கொம்பை வெட்டியெடுத்து வேலிக்கும் வாசல் கம்பத்துக்கும் நட்டார்கள். சிற்றோடைக்குக் குறுக்கே போட்டு நடந்தார்கள். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான் என்ற சேதி வந்தபோது இந்த எலும்புகளைக் குவித்துச் சொக்கப்பனை கொளுத்திய ஊரும் உண்டு. படித்தவர்கள்தாம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

1697-ஆம் வருஷம் டப்ளின் நகரத்து வைத்தியர் தாமஸ் மாலினியூ இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு ஒரு தர்மசங்கடம். கடவுள் படைத்த இனம் எதுவும் அடியோடு அழிந்துபோகாது என்பது அக்காலத்துக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அழியவிட்டால் படைத்தவனுக்கல்லவா குறை? ஆகவே இந்தப் பிராணி உலகத்தில் வேறெங்காவது உயிரோடு இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் மூஸ் என்று ஒரு பெரிய மான் இருப்பதாகப் பிரயாணிகள் சொல்லக் கேட்டிருந்தார். அதுதான் இது என்று முடித்துவிட்டார். அயர்லாந்தில் மட்டும் ஏதோ கொள்ளைநோய் வந்து மாண்டிருக்கும் என்பது அவர் யூகம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1812-இல், பாரிஸில் க்யூவியே எலும்பை எலும்போடு ஒப்பிட்டு, இன்று உயிரோடிருக்கும் எந்த மானும் இது அல்ல, இது அழிந்தே போய்விட்டது என்று நிரூபித்தார்.

செத்துவிட்டது என்று தெரிந்தால் மனிதன் அடுத்துக் கேட்பது, ஏன் செத்தது? அங்கேதான் கதை பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டார்வினுக்கு எதிர்க் கட்சியாக ஒரு சித்தாந்தம் நடமாடிற்று. ஓர் இனம் ஏதோ ஒரு திசையில் மாறத் தொடங்கினால், உள்ளேயிருக்கும் ஒரு வேகம் அதைத் தள்ளிக்கொண்டே போகும். நன்மையோ தீமையோ, நிறுத்த முடியாது, பிரேக் இல்லாத ரயில்போல என்றார்கள். இதற்கு அத்தாட்சி எங்கே? ஐரிஷ் எல்க்! கொம்பு வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது, மரக்கிளைகளில் சிக்கிக்கொண்டது, தலை பாரம் தாங்காமல் சேற்றில் அமிழ்ந்தது, இனமே பூண்டற்றுப் போயிற்று.

கதாசிரியன் கண்ணுக்கு இதைவிடச் சிறந்த கதை கிடைக்காது. நாயகனுக்கு எது பெருமையோ அதுவே எமனாகிறது. நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறதே, மானத்துக்காக ஒரு மயிர் உதிர்ந்தால் உயிர் விடும் கவரிமான்! வள்ளுவர் சொன்னது 'கவரிமா'. அது பனிமலையில் வாழும் சடை எருமை என்பது அறிஞர்கள் கருத்து. நாம்தான் அதை அழகான மானாக்கிக்கொண்டோம். மிருகத்தின் தலையில் நீதியைக் கட்டி ஓட்டுவதில் எந்த நாட்டாருக்கும் சலிப்பு வந்ததில்லை.

இந்தக் கதையைச் சோதிப்பது எப்படி? கொம்பு 'அதிகம்' என்கிறோம். எதற்கு அதிகம்? யானைக்குக் கால் தடிமன், எறும்புக்குக் கால் மெல்லிசு. அதனால் யானையின் கால் அதிகம் என்று சொல்ல முடியுமா? 1638-இல் கலிலியோ இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டார். வீட்டுக் காவலில் கண் பார்வை போய்விட்டிருந்த கிழவரின் கடைசிப் புத்தகம், ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் அச்சாயிற்று. அதில் ஒரு சின்ன எலும்பும் பக்கத்தில் ஒரு ராட்சத எலும்பும் வரைந்திருக்கிறது. உடம்பு நீளத்தில் இரண்டு பங்கானால் எடையில் எட்டுப் பங்காகிவிடும். எலும்பின் குறுக்களவோ நான்கு பங்குதான் ஆகும். ஆகவே பெரிய பிராணியின் எலும்பு, சின்னதின் எலும்பைப் பெரிதுபடுத்திய நகலாக இருக்க முடியாது, அதைவிடக் கொழுத்தே இருக்க வேண்டும் என்றார். பெரிதாவது என்றாலே வடிவம் மாறுவதுதான். இதற்கு ஒரு பொதுச் சூத்திரம் கிடைக்க மேலும் முந்நூறு வருஷம் ஆயிற்று.

சூத்திரத்தைக் கொடுத்தவர் ஜூலியன் ஹக்ஸ்லி. நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் தமையனார். டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியின் பேரர். பின்னாளில், 1946-இல், யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் முதல் டைரக்டர் ஜெனரல். அவர் எடுத்துக்கொண்டது மான் அல்ல, நண்டு. கடற்கரைச் சேற்றில் ஒரு வகை நண்டு உண்டு. ஆணுக்கு ஒரு கொடுக்கு சாதாரணமாக இருக்கும். மற்றொன்று பூதாகாரமாக, உடம்புக்கே போட்டியாக வளர்ந்திருக்கும். அதை ஆட்டுவது பிடில் வாசிப்பதுபோல் இருப்பதால் வெள்ளைக்காரர்கள் பிடில் நண்டு என்றார்கள். குஞ்சாக இருக்கும்போது இரண்டு கொடுக்கும் சமம்தான்.

ஹக்ஸ்லி சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான ஆண் நண்டுகளைப் பிடித்து, பெரிய கொடுக்கைத் தனியாகவும் மிச்ச உடம்பைத் தனியாகவும் நிறுத்துப் பார்த்தார். கொடுக்கின் பங்கு நண்டு வளர வளர ஏறிக்கொண்டே போயிற்று. ஏறுவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அதை 1924-இல் வெளியிட்டார்.

அந்த ஒழுங்கை வட்டிக் கணக்காகச் சொன்னால் நமக்குச் சுலபமாகப் புரியும். ஒருவர் இரண்டு இடத்தில் வட்டிக்கு வட்டியாகப் பணம் போட்டிருக்கிறார். ஒன்று உடம்புக் கணக்கு. மற்றது கொடுக்குக் கணக்கு. இரண்டாவதில் வட்டி விகிதம் முதலாவதைப்போல் ஒன்றரை மடங்கு. ஆரம்பத்தில் உடம்பில் 50 ரூபாய், கொடுக்கில் 1 ரூபாய். உடம்புக் கணக்கு 64 மடங்காகி 3200 ரூபாய் ஆகும்போது கொடுக்குக் கணக்கு 512 மடங்காகி 512 ரூபாயில் நிற்கும். ஐம்பதில் ஒரு பங்காக இருந்தது ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்துவிட்டது! யாரும் நடுவில் கொடுக்குக்கென்று தனியாகக் கொண்டு வந்து கொட்டவில்லை. வட்டி விகிதமும் மாறவில்லை. உண்மையில் பிடில் நண்டின் கொடுக்குக்கு ஹக்ஸ்லி கண்ட விகிதம் ஒன்றரைக்குச் சற்று மேலேயே இருந்தது.

அளவுகளை அப்படியே புள்ளி வைத்தால் கோடு வளைந்து மேலே பாயும். அவற்றின் லாகரிதங்களைப் புள்ளி வைத்தால் நேர்கோடாகிவிடும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மட்டும் புரட்டினோமே, அந்த அட்டவணைக்கு இப்படி ஒரு உயிருள்ள பிரயோஜனம். கோட்டின் சாய்வுதான் வட்டி விகிதங்களின் விகிதம். சாய்வு ஒன்று என்றால் உறுப்பும் உடம்பும் கைகோத்து வளர்கின்றன. ஒன்றுக்கு மேல் என்றால் உறுப்பு முந்துகிறது. கீழே என்றால் பிந்துகிறது. குழந்தையின் தலை பிந்துகிறது; கால் முந்துகிறது. 1936-இல் ஹக்ஸ்லியும் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் தெய்ஸியேயும் கலந்து பேசி, இதற்கு 'அலோமெட்ரி' என்று பெயர் வைத்து, இரண்டு பாஷையிலும் அறிவித்தார்கள். பெயரில் சண்டை போடாத இரண்டு விஞ்ஞானிகளைப் பார்ப்பது அபூர்வம்.

ஹக்ஸ்லி 1931-இல் மான்களிடம் வந்தார். சின்ன மான்களுக்குக் கொம்பு உடம்போடு ஒப்பிட்டாலும் சின்னது. பெரிய மான்களுக்கு ஒப்பிட்டாலும் பெரியது. அப்படியானால் ஐரிஷ் எல்க்கிடம் மர்மமான வேகம் எதுவும் வேண்டியதில்லையே? உடம்பு பெருத்தால் அதற்குப் பலன் உண்டு; உடம்பு பெருக்கும்போது கொம்பு அதன் வட்டி விகிதத்தில் கூடவே பெருத்துவிட்டது. இது அவர் வாதம்.

கணக்கு நுழைந்ததும் கதை ஓடிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கணக்கைக் கொண்டே கதை கட்டியவரும் உண்டு. யூஜின் துபுவா என்ற டச்சு வைத்தியர், மனிதனுக்கும் குரங்குக்கும் இடையிலுள்ள பிராணியைக் கண்டுபிடித்தே தீருவது என்று 1887-இல் ராணுவ வைத்தியராகச் சுமத்ராவுக்குக் கப்பல் ஏறியவர். ஆச்சரியம் என்னவென்றால் கண்டுபிடித்தும் விட்டார். 1891-இல் ஜாவாவில் சோலோ ஆற்றங்கரையில் ஒரு மண்டையோடு கிடைத்தது. மூளை எடைக்கும் உடல் எடைக்கும் உள்ள சம்பந்தத்தை 1892-இல் ஓட்டோ ஸ்னெல் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக எழுதியிருந்தார். துபுவா 1897-இல் அதைத் திருத்தி விரிவாக்கினார். இதுவரை எல்லாம் சரி. வயதான காலத்தில் அவருக்கு ஒரு சித்தாந்தம் பிடித்துக்கொண்டது. மூளை பரிணாமத்தில் இரண்டு இரண்டு மடங்காகத் தாவி வளர்கிறது. ஆகவே ஜாவா மனிதனுக்கு நம்மில் சரி பாதி இருக்க வேண்டும். மண்டையோடோ நம்முடையதில் மூன்றில் இரண்டு பங்கு காட்டிற்று. என்ன செய்வது? உடம்பைப் பெரிதாக்கினால் அதனோடு ஒப்பிட்ட மூளை தானே சிறிதாகும். ஜாவா மனிதனின் எடையை நூறு கிலோவுக்கு மேல் ஏற்றி, ராட்சதக் கிப்பன் குரங்கின் அங்க அமைப்பைக் கொடுத்துப் பாதிக்குக் கொண்டு வந்தார். சூத்திரத்தில் தப்பில்லை. சூத்திரத்துக்கு ஊட்டிய தீனிதான் அவர் இஷ்டப்படி.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டைகள். ஒரு பிராணி குட்டியிலிருந்து வளர்வது ஒரு கோடு. ஒரே இனத்தில் வளர்ந்து முடிந்த பெரியதையும் சிறியதையும் வரிசையாக நிறுத்தினால் கிடைப்பது இன்னொரு கோடு. பல இனங்களின் பெரியவர்களை நிறுத்தினால் கிடைப்பது மூன்றாவது கோடு. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எலியிலிருந்து யானை வரை எடுத்தால் மூளை உடம்போடு நன்றாகவே ஏறுகிறது. ஆனால் ஒரே தெருவில் 60 கிலோக்காரரையும் 90 கிலோக்காரரையும் எடுத்தால், கனமானவருக்கு மூளை ஒன்றரை மடங்கு இருக்காது. (அவர்கள் வீட்டாரைக் கேட்டால் நிச்சயமாக இல்லை என்பார்கள்.)

சரி, புள்ளிகளின் ஊடே எந்தக் கோட்டைப் போடுவது? புள்ளிகள் ஒரே வரிசையில் நிற்பதில்லை, சந்தைக் கூட்டம்போல் சிதறித்தான் நிற்கின்றன. உடம்பைக் கொண்டு கொம்பை யூகிப்பதற்கு ஒரு கோடு; கொம்பைக் கொண்டு உடம்பை யூகிப்பதற்கு வேறொரு கோடு. இரண்டும் ஒன்றல்ல! எதுவும் எதற்கும் காரணமில்லாமல், இரண்டும் ஒருதாய் மக்களாகச் சேர்ந்து வளரும்போது, அண்ணனை வைத்துத் தம்பியை அளப்பதா, தம்பியை வைத்து அண்ணனை அளப்பதா? இருவருக்கும் பட்சபாதம் இல்லாத ஒரு நடுக்கோட்டை 1950-இல் கெர்மாக் என்பவரும் ஹால்டேனும் வாதித்து எழுதினார்கள். இந்த ஹால்டேன் நமக்கு வேண்டியவர். பிராணிகளின் அளவைப் பற்றி 1926-இலேயே பாமரருக்கும் விளங்கும்படி பிரமாதமான கட்டுரை எழுதியவர். 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். வேஷ்டியும் குர்த்தாவும் உடுத்தி, மாமிசம் விட்டு, இந்தியப் பிரஜையாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

அதே கழகத்தில் இருந்த சி. ஆர். ராவ் 1958-இல் வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடும் முறையைப் பற்றி எழுதினார். ஒரே பிராணியை வாராவாரம் நிறுக்கும்போது அந்த எடைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. இந்த வாரத்தின் எடை போன வாரத்தினுடையதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. பத்து நிறுவைகளைப் பத்துத் தனிச் சாட்சியாக எண்ணினால் மோசம் போவோம். அவர் காலத்தின் அளவையே நீட்டியும் சுருக்கியும் வளைவுகளை நேராக்கி, ஒவ்வொரு பிராணிக்கும் அதன் வளர்ச்சி வேகமாக ஓர் எண்ணை எடுத்துக் கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட வழி சொன்னார். ஐரோப்பாவின் நண்டும் மானும் கிளப்பிய கேள்வியின் ஒரு பங்கு கல்கத்தாவில் தீர்ந்தது நமக்குச் சந்தோஷமே.

மறுபடியும் மானிடம் போவோம். அமெரிக்காவில் ஸ்டீபன் ஜே கூல்ட் என்று ஒருவர் இருந்தார். 1941-இல் பிறந்தவர். இருபத்தைந்து வயதுக்குள் அலோமெட்ரியைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். 1974-லிருந்து 2001 வரை ஒரு மாதப் பத்திரிகையில் இடைவிடாமல் 300 கட்டுரைகள் எழுதியவர். நடுவே கொடிய புற்றுநோய் வந்தும் நிறுத்தவில்லை. பத்திரிகைக்குத் தவணை சொல்லி எழுதுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவர் ஐரிஷ் எல்க்கைப் பற்றிய பழைய ஏடுகளையெல்லாம் புரட்டினார். எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். கொம்பு கேடு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. ஆனால் அந்த இனத்துக்குள் கொம்பும் உடம்பும் என்ன விகிதத்தில் ஏறின என்று சொல்ல உருப்படியான அளவுகள் இல்லை! இருநூற்றெழுபது வருஷம் வழக்கு நடந்திருக்கிறது. சாட்சியை யாரும் கூப்பிடவில்லை.

கூல்ட் தாமே புறப்பட்டார். டப்ளின் மியூசியத்தில் நிறையக் கிடைத்தன. மற்றவை அயர்லாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில், முன்கூடத்துச் சுவரில், விருந்தாளிகளை மிரட்டுவதற்காக மாட்டியிருந்தன. நாடாவோடு ஏறி அளந்தார். மொத்தம் 79 மண்டைகளும் கொம்புகளும். கணக்குப் போட்டதில், சிறிய ஆணிலிருந்து பெரிய ஆணுக்குப் போகும்போது கொம்பு உடம்பைவிட இரண்டரை மடங்கு வேகமாக ஏறியது தெரிந்தது. அதாவது, பக்கத்து மானைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிய மானுக்குக் கொம்பு நாலில் ஒரு பங்குக்கு மேலேயே பெரிதாக இருக்கும். எல்லா மான் இனங்களையும் ஒரே கோட்டில் நிறுத்தியபோது, ஐரிஷ் எல்க் தன் உடம்புக்கு எங்கே நிற்க வேண்டுமோ ஏறக்குறைய அங்கேயே நின்றது. 12 அடிக் கொம்பு அந்த உடம்புக்கு உரிய கொம்பு!

ஆனால் ஹக்ஸ்லியோடு கூல்ட் முழுக்க ஒத்துப்போகவில்லை. கோடு சேர்ந்து வளர்வதைக் காட்டுகிறதே தவிர, உடம்பு இழுத்துக் கொம்பு வந்ததா, கொம்பு இழுத்து உடம்பு வந்ததா என்று அது சொல்லாது. கூல்ட் கொம்பையே நன்றாகப் பார்த்தார். அதன் அகலமான உள்ளங்கை, மான் தலையை நேராக நிமிர்த்தினாலே எதிரில் நிற்பவருக்கு முழுசும் தெரியும்படி அமைந்திருந்தது. ஆகவே பெட்டைக்கும் போட்டியாளனுக்கும் காட்டுவதற்கே கொம்பு, சண்டைக்கல்ல என்றார்.

அவர் சொன்னதும் வேதவாக்காக நிற்கவில்லை. எலும்பின் உள்ளமைப்பை ஆராய்ந்த கிச்சனர் என்பவர் அந்தக் கொம்பு மோதலின் வலியைத் தாங்கக்கூடியதே என்றார். 2019-இல் கம்ப்யூட்டரில் மோதவிட்டுப் பார்த்தவர்களும், ஒரு குறிப்பிட்ட பிடியில் கொம்பைக் கோத்து முறுக்கிச் சண்டையிட்டிருக்கலாம் என்றே முடிவு கட்டினார்கள்.

கூல்டின் கோட்டுக்கே இன்னொரு ஆட்சேபணை வந்தது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் அது. 1985-இல் ஜோசப் ஃபெல்ஸன்ஸ்டைன் என்பவர் கேட்டார்: இருபது இனங்களைக் கோட்டில் வைக்கிறீர்களே, அவை இருபது சாட்சிகளா? ஒரு பாட்டன் வழி வந்த பங்காளிகள் பத்துப் பேர் கோர்ட்டில் ஏறி ஒரே வாக்குமூலம் கொடுத்தால், நீதிபதி அதைப் பத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்வாரா? குடும்பத்தில் பேசி வைத்துக்கொண்டு வந்தது என்பார். இனங்களும் அப்படியே. பெரிய உடம்பும் பெரிய கொம்பும் பல கிளைகளில் தனித்தனியாகச் சேர்ந்து வந்ததா, ஒரே மூதாதையிடமிருந்து சொத்தாக இறங்கியதா என்று பிரித்தாக வேண்டும். அதற்கு வம்சாவளி தெரிய வேண்டும். உடன்பிறந்த இனங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்து ஒப்பிடும் கணக்கை அவர் வகுத்துக் கொடுத்தார். இருபது வருஷம் கழித்து, 2005-இல், ஐரிஷ் எல்க்கின் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவும் எலும்புகளின் அமைப்பும் சேர்ந்து அதன் உறவுக்காரனைக் காட்டின. ஐரோப்பியப் பூங்காக்களில் திரியும் ஃபாலோ மான் என்ற நடுத்தர மான்; அதற்கும் உள்ளங்கை விரித்தாற்போன்ற கொம்புதான்.

அப்படியானால் ஏன் செத்தது? அயர்லாந்தில் சுமார் 12,900 வருஷத்துக்கு முன் திரும்பி வந்த கடும் குளிரில் புல்லும் குருத்தும் போயின. கொம்புக்கு இதில் பங்கே இல்லை என்று விடுதலை செய்துவிடவும் முடியாது. வருஷா வருஷம் அவ்வளவு எலும்பு வளர்க்கச் சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தே கடன் வாங்கி, பின்பு மேய்ந்து அடைக்க வேண்டும். மேய்ச்சல் குறைந்தபோது கடன் அடையவில்லை என்று 1999-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் கணக்குக் காட்டினார்கள். அப்படியும் இனம் முழுசும் அப்போது அழியவில்லை. சைபீரியாவின் மேற்கே சுமார் 7,700 வருஷத்துக்கு முன்பு வரை அது உலாவியிருக்கிறது என்று 2004-இல் தெரிந்தது. அந்த மாபெரும் கொம்போடு லட்சக்கணக்கான வருஷம் வாழ்ந்த பிராணியைக் கொம்பினால் செத்தது என்று எப்படிச் சொல்வது?

இதே கணக்கு இன்று நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மனிதனுக்கு நெருங்கிய பங்காளி ஒருவன் ஐரோப்பாவில் இருந்தான், நியாண்டர்தால் மனிதன். சுமார் 40,000 வருஷத்துக்கு முன் மறைந்துவிட்டான். அவன் மூளை நம்முடையதற்குச் சின்னதல்ல. ஆனால் மண்டை நீளவாக்கு; நம்முடையது பந்து. இரண்டு வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிட்டால் மூன்று விதம் இருக்கலாம். ஒரே கோட்டில் ஒருவர் மேலே போய் நிற்பது; சிம்பன்ஸியின் மண்டையையும் கொரில்லாவின் மண்டையையும் ஒப்பிட்ட ஷே என்பவர் 1983-இல் அநேக அம்சங்களில் இதையே கண்டார். அல்லது பிறக்கும்போதே வித்தியாசப்பட்டுப் பின்பு இணையான தண்டவாளங்களாகப் போவது. அல்லது ஓரிடத்தில் புறப்பட்டு வேறு வேறு திசையில் பிரிவது. 2001-இல் ஜூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர் இரண்டாவதே சரி என்றார்கள்.

பிறந்த குழந்தையின் மண்டை கிடைத்தால்தானே தீரும்? அது கிடைத்த விதம் ஒரு கதை. 1914-இல் பிரான்ஸில் லெ மூஸ்தியே என்ற இடத்தில் பெரோனி என்பவர் ஒரு நியாண்டர்தால் சிசுவின் எலும்புகளைத் தோண்டியெடுத்தார். பிறகு அவை எங்கே போயின என்று தெரியாமல் போயிற்று. எண்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1996-இல், பக்கத்து ஊரான லெ ஸேஸியின் மியூசியத்தில் வேறு சாமான்களோடு கலந்து கிடந்ததை மொரேய் என்ற இளைஞர் கண்டார். அந்தச் சின்ன எலும்புத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்து, லைப்சிக் நகரத்தில் குன்ஸ் என்பவரும் தோழர்களும் 2010-இல் வெளியிட்டார்கள். பிறக்கும்போது அவன் குழந்தைக்கும் நம் குழந்தைக்கும் மண்டையின் உட்கூடு ஏறக்குறைய ஒரே மாதிரி, இரண்டும் நீளம். பிறந்த முதல் வருஷத்தில் நம் குழந்தையுடையது மளமளவென்று உருண்டு பந்தாகிறது. அவன் குழந்தையுடையது அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டி உருட்டிவிடும் நம் பாட்டிமார் இந்தப் பெருமையைத் தங்களுக்கே எடுத்துக்கொள்வார்கள்.

முதல் வருஷத்தில் எதற்கு அந்த மாறுதல், அதனால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதில் வாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஜூரிச்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. லெ மூஸ்தியேயின் சிசு பிறந்து நான்கு மாதம் நிறைவதற்குள் இறந்திருக்கிறது. அதன் வளர்ச்சிக்கு நாம் போட முடிந்தது ஒரே ஒரு புள்ளி. மிச்சக் கோடு காக்கேசிய மலைக் குகையில் கிடைத்த இன்னொரு சிசுவிடமிருந்தும், வளர்ந்த மற்றக் குழந்தைகளிடமிருந்தும் எடுத்து இழுத்தது.